சிம் மாறினால் குரல் போகலாமா? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் குடும்பத்தில் யார் கைபேசி மாற்றினாலும், பெட்டியைப் பிரித்த கையோடு சிம் ஊசியை என்னிடம் நீட்டிவிடுவார்கள். உறவினர் ஒருவர் தாம் பயன்படுத்தி வந்த கைபேசியை வீட்டுப் பெரியவர் ஒருவருக்குக் கொடுத்தபோதும், ஊசியைக் குத்தித் தட்டை வெளியே இழுத்து, பெரியவரின் சிம்மை அதில் பொருத்திக் கொடுத்தவன் நான்தான். அந்தக் கைபேசி எந்த நிறுவனத்தோடும் பூட்டப்படாதது. முழு விலை கொடுத்து வாங்கப்பட்டது. சிம்மைப் போட்டதும் நிறுவனத்தின் பெயர் திரையில் வந்தது, இணையம் வேகமாக ஓடியது, குறுஞ்செய்தியும் வந்து விழுந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்ற நினைப்பில் ஓர் எண்ணை அழைத்துப் பார்த்தேன். அழைத்த மறுகணம் திரையின் மேல் ஓரத்தில் இருந்த 4ஜி என்ற எழுத்து மறைந்தது. சிக்னல் கோடுகள் மொத்தமாகக் காலியாயின. ஒலி எதுவும் இல்லாமல் சில வினாடிகள் கழிந்த பின் அழைப்பு தானாகவே துண்டிக்கப்பட்டு, ஒன்றுமே நடவாதது போல 4ஜி திரும்பி வந்து நின்றது. எத்தனை முறை அழைத்தாலும் இதே கதைதான். முன்பு அதில் இருந்த வேறு நிறுவனத்தின் சிம்மை மீண்டும் போட்டபோது, அதே கைபேசியில் குரல் மணி அடித்தாற்போல் கேட்டது.

வாடிக்கையாளர் சேவையில் மூன்று பேரிடம் மாறி மாறிப் பேசிய பிறகு கிடைத்த விடை இதுதான்: "இந்த மாடல் எங்கள் பட்டியலில் இல்லை." அந்தப் பட்டியலைக் குறித்தே இம்மடலை எழுதுகிறேன்.

சிம் அட்டை என்ற பொருள் எதற்காகப் பிறந்தது என்பதை ஒருமுறை நினைவுகூர்வது இங்கே பொருந்தும். 1991-இல் ம்யூனிக் நகரைச் சேர்ந்த கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம், ஃபின்லாந்தின் ரேடியோலின்யா நிறுவனத்துக்கு முதல் 300 சிம் அட்டைகளை விற்றது. அந்த ஆண்டு ஜூலை முதல் நாளன்று ஜிஎஸ்எம் எனப்படும் 2ஜி கைபேசித் தரமுறையின் முதல் அழைப்பும் அதே நெட்வொர்க்கில்தான் பேசப்பட்டது. சந்தாதாரர் யார் என்ற அடையாளத்தை ஓர் அட்டையிலும், பேசும் வேலையை ஒரு கருவியிலும் பிரித்து வைத்ததுதான் ஜிஎஸ்எம் செய்த பெரிய காரியம் என்பது என் எண்ணம். அட்டைக்குள் இருப்பவற்றில் முக்கியமானவை இரண்டு: நாட்டையும் நிறுவனத்தையும் சந்தாதாரரையும் குறிக்கும் 15 இலக்க எண் ஒன்று, அட்டையை விட்டு ஒருபோதும் வெளியே வராத ரகசியத் திறவுகோல் ஒன்று. கருவி அந்த அட்டையிடம் கேட்டுச் சொல்லும் ஒரு தூதுவன் மட்டுமே. அட்டையைக் கழற்றி வேறு கருவியில் போட்டால் எண்ணும் கணக்கும் கூடவே போய்விடும். வேறு நிறுவனத்தின் அட்டையைப் போட்டால் அதே கருவி புதிய நிறுவனத்துக்கு வேலை செய்யும். ஜிஎஸ்எம்முக்குப் போட்டியாக இருந்த சிடிஎம்ஏ முறையில் பல நாடுகளில் இந்தப் பிரிவினை இல்லாமல், எண்ணைக் கருவிக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். அதனால் கைபேசியை மாற்றுவதற்குக்கூட நிறுவனத்தின் தயவு தேவைப்பட்டது. அந்த முறையின் நெட்வொர்க்குகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டாலும் அந்தத் தயவு மட்டும் மூடப்படாமல் வேறு உருவில் திரும்பி வந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

சிம் லாக் எனப்படும் பழைய பூட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஏனெனில் அதில் தாங்கள் நிறையச் செய்திருக்கிறீர்கள். சிம்மில் உள்ள அந்த 15 இலக்க எண்ணின் முதல் ஐந்து அல்லது ஆறு இலக்கங்களைக் கைபேசி படித்து, தனக்குச் சொல்லி வைக்கப்பட்ட நிறுவனத்தின் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் மறுத்துவிடும். பூட்டு என்பது அவ்வளவுதான். கனடாவில் 2017 டிசம்பர் முதல் கைபேசிகள் பூட்டின்றியே விற்கப்பட வேண்டும் என்று விதி வந்தது. பிரிட்டனில் 2021 டிசம்பரிலும், ஜப்பானில் அதே ஆண்டு அக்டோபரிலும் பூட்டிய கைபேசி விற்பனைக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. அமெரிக்காவில் 2013 ஜனவரியில் அனுமதியின்றிப் பூட்டைத் திறப்பது சட்டவிரோதமாகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்ட பிறகு, 2014 ஆகஸ்ட் முதல் நாளன்று அதைத் திரும்ப அனுமதிக்கும் சட்டம் கையொப்பமானது. இவையெல்லாம் நல்ல முடிவுகள். ஆனால் இவற்றோடு வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம் ஆணையங்களில் பரவியிருப்பதுதான் என் கவலை. பூட்டைத் திறந்துவிட்டால் எந்தச் சிம்மும் எந்தக் கைபேசியிலும் இயங்கும் என்று வாங்குபவர் நம்புகிறார். பெட்டியின் மேலுள்ள 'அன்லாக்டு' என்ற சொல் அந்த நம்பிக்கையை வளர்க்கிறது. உண்மை அப்படி இல்லை.

முதலாவதாக அலைவரிசைகளை எடுத்துக்கொள்வோம். 2ஜி காலத்தில் 850, 900, 1800, 1900 மெகாஹெர்ட்ஸ் என்ற நான்கு பட்டைகளை ஒரு கைபேசி பிடித்தால் அது உலகம் சுற்றும் கைபேசி. 4ஜிக்கு வகுக்கப்பட்ட பட்டைகள் ஐம்பதுக்கு மேல். எல்லாவற்றையும் ஒரே கருவியில் அடக்க ஆன்டெனாவுக்கும் வடிகட்டிகளுக்கும் இடமும் செலவும் ஆகும் என்பதால், தயாரிப்பாளர்கள் ஒரே பெயருள்ள கைபேசியைப் பகுதிக்கு ஒன்றாகச் செய்கிறார்கள். மாடல் எண்ணின் கடைசி எழுத்து மட்டும் மாறும். பேண்ட் 3 எனப்படும் 1800 மெகாஹெர்ட்ஸைப் பிடிக்காத கைபேசியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஆனால் 700, 800 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் கதை வேறு. ஐரோப்பாவில் பேண்ட் 20, ஆசிய பசிபிக்கிலும் லத்தீன் அமெரிக்காவிலும் பேண்ட் 28 என்று அவை பிரிந்து கிடக்கின்றன. தாழ்ந்த அதிர்வெண்தான் தொலைதூரம் போவதும் சுவரைத் துளைத்து உள்ளே வருவதும். எனவே அதைப் பிடிக்காத கைபேசி வாசலில் நிற்கும்வரை நன்றாக இயங்கி, உள்ளறைக்குப் போனதும் மௌனமாகிவிடும். வைத்திருப்பவர் நெட்வொர்க்கைத் திட்டுவார். நெட்வொர்க்கோ அந்த அறைக்குள்ளும் வந்துகொண்டுதான் இருக்கும்.

இந்தப் பிரிவினை எல்லாம் இயற்பியலின் விதி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை ஏலம் போன பிறகு, கிட்டத்தட்ட ஒரே இடத்தில் பேண்ட் 12, பேண்ட் 17 என்று இரண்டு வகுக்கப்பட்டன. பேண்ட் 12-க்குள் பேண்ட் 17 முழுமையாக அடங்கியிருந்தது. பெரிய நிறுவனமான ஏடி அண்ட் டி குறுகிய பேண்ட் 17-ஐ மட்டும் பிடிக்கும் கைபேசிகளை விற்றதால், அகன்ற பட்டையின் ஓரத்தில் அலைக்கற்றை வாங்கிய சிறு நிறுவனங்களின் நெட்வொர்க்கில் அக்கைபேசிகள் இயங்கவில்லை. சிறு நிறுவனங்களுக்காகத் தனியே கைபேசி செய்து தரத் தயாரிப்பாளர்களும் ஆர்வம் காட்டவில்லை. அருகிலுள்ள தொலைக்காட்சி அலைவரிசையின் குறுக்கீடுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. பல ஆண்டு வழக்காடலுக்குப் பின் 2013-இல் ஆணையம் தலையிட்டு, ஏடி அண்ட் டி பேண்ட் 12-க்கு மாற ஒப்புக்கொண்டபோது, அந்தக் குறுக்கீடு சமாளிக்க முடியாத தடையாக இருக்கவில்லை. ஒழுங்குமுறை ஆணையம் கேட்டால் மட்டுமே நகரும் காரியங்கள் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சிம் அட்டையின் பக்கமும் சில சங்கடங்கள் உண்டு, ஆனால் அவை சிறியவை. வங்கி அட்டை அளவில் தொடங்கி 25-க்கு 15 மில்லிமீட்டர், 15-க்கு 12 மில்லிமீட்டர், 12.3-க்கு 8.8 மில்லிமீட்டர் என்று சுருங்கிய அட்டையை நாமெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தவர்கள்தாம். 5 வோல்ட்டில் இயங்கிய ஆதிகால அட்டையை இன்றைய கைபேசி ஏற்காது. 2ஜி காலத்துச் சிம்மைக் கொண்டு 4ஜி நெட்வொர்க்கில் நுழையக் கூடாது என்று பாதுகாப்புத் தரவிதியே தடுக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அட்டையை மாற்றிக்கொண்டால் போதும். நியாயமான காரணமும் இருக்கிறது.

குரலுக்கு வருகிறேன். 4ஜி என்பது அடிப்படையில் தரவை மட்டும் கடத்தும் நெட்வொர்க். பழைய பாணித் தொலைபேசி அழைப்புக்கு அதில் இடமில்லை. தொடக்கத்தில் கைபேசிகள் அழைப்பு வந்ததும் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கி, பேசி முடித்துவிட்டுத் திரும்ப ஏறின. குரலையும் தரவாகவே 4ஜியில் அனுப்பும் முறைக்கு வோல்ட்டி என்று பெயர். அதற்கான பொது வரையறையை, நெட்வொர்க் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2010-இலேயே வெளியிட்டது. வரையறை ஒன்று என்றால் எந்தக் கைபேசியும் எந்த நெட்வொர்க்கிலும் பேச வேண்டும் அல்லவா? நடப்பது வேறு. கைபேசியின் மென்பொருளுக்குள் நிறுவனம் வாரியாக அமைப்புக் கோப்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. சிம்மைப் போட்டதும் அதன் முதல் இலக்கங்களைப் படித்து, அதற்குரிய கோப்பு இருந்தால் வோல்ட்டி இயங்கும். இல்லாவிட்டால் அமைப்புகளில் அதற்கான பொத்தானே தென்படாது. இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில், சில நிறுவனங்கள் ஐஎம்இஐ எனப்படும் கைபேசிக் கருவியின் அடையாள எண்ணில், மாடலைக் குறிக்கும் முதல் எட்டு இலக்கங்களைப் பார்த்து, அந்த மாடல் தம் பட்டியலில் இருந்தால் மட்டுமே குரல் சேவைக்குள் விடுகின்றன. மேலே சொன்ன பழைய பூட்டு படித்ததும், இந்தக் கோப்பைத் தேடக் கைபேசி படிக்கும் அதே சிம் இலக்கங்களைத்தான். அதைப் பூட்டு என்று அழைத்துத் தடை செய்தோம். இதை 'இணக்கச் சோதனை' என்று அழைத்து அனுமதிக்கிறோம்.

3ஜியும் 2ஜியும் உயிரோடு இருந்தவரை இது யாருக்கும் உறைக்கவில்லை, ஏனெனில் இறங்கிப் பேச ஒரு கீழ்த்தளம் இருந்தது. இப்போது அந்தத் தளம் நாடு நாடாக அகற்றப்படுகிறது. எங்கள் வீட்டுக் கைபேசியின் திரையில் நான் பார்த்த அந்தச் சில வினாடிகள், கீழ்த்தளம் இருக்கிறதா என்று அது தேடிப் பார்த்துக் கைவிட்ட வினாடிகள்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததை எல்லா ஆணையங்களும் வரி விடாமல் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2024 அக்டோபர் 28 அன்று டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 3ஜியை மூடத் தொடங்கின. அதற்குச் சற்று முன்புதான், அன்றாட அழைப்பை 4ஜியில் பேசும் கைபேசிகளில் சில, அவசர எண்ணான 000-ஐ அழைக்கும்போது மட்டும் 3ஜிக்கு இறங்கும்படி அமைக்கப்பட்டிருப்பது பெரிய பிரச்சினையாக வெளிப்பட்டது. 3ஜி இல்லாத நாளில் அவை ஆம்புலன்ஸை அழைக்க முடியாத கைபேசிகள். எனவே அவசர அழைப்பு செய்ய இயலாத கைபேசிகளை நெட்வொர்க்கிலிருந்தே விலக்க வேண்டும் என்று விதி கொண்டுவரப்பட்டது. வேலை செய்துகொண்டிருந்த கருவிகள் பல ஒரே அறிவிப்பில் பயனற்றுப் போயின. அதோடும் முடியவில்லை. தம் சொந்த நிறுவனத்தின் நெட்வொர்க்கில் அவசர அழைப்பு செய்யக்கூடிய பழைய மாடல்கள் சில, வேறொரு நிறுவனத்தின் 4ஜி மட்டுமே எட்டும் இடத்தில் அதைச் செய்ய முடியாது என்பது 2025-இல் தெரியவந்தது. சிக்னல் இல்லாத இடத்தில் பிற நிறுவனத்தின் கோபுரத்தைப் பிடித்தாவது அவசர எண்ணை அழைத்துவிடலாம் என்பதுதான் கைபேசி வைத்திருப்பவர் எல்லோருக்கும் சொல்லப்பட்ட உறுதி. 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று திரையில் வரும்போது, அந்த அழைப்பாவது போகும் என்றுதானே நாம் நம்புகிறோம்?

நிறுவனங்களின் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைப்பது முறையாகாது. சோதிக்காத கைபேசியைக் குரல் சேவையில் அனுமதித்து, அவசர அழைப்பு ஒன்று பாதியில் அறுந்துபோனால் பழி தங்கள் மீதுதான் விழும் என்கிறார்கள். ஒவ்வொரு மாடலையும் சோதிக்கப் பணமும் காலமும் ஆகும் என்கிறார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் ஒரே சோதனையை நூறு நிறுவனங்கள் தனித்தனியாகச் செய்ய வேண்டியதில்லை. கைபேசிகள் தரவிதிகளுக்கு இணங்குகின்றனவா என்று சான்றளிக்கும் குளோபல் சர்டிஃபிகேஷன் ஃபோரம் என்ற பொது அமைப்பு 1999 முதல் இருக்கிறது. அதில் உறுப்பினராக இருப்பவை இதே நிறுவனங்கள்தாம். பொதுச் சான்று பெற்ற கைபேசியை மறுக்கும் நிறுவனம், மறுப்பதற்கான தொழில்நுட்பக் காரணத்தை எழுத்தில் சொல்லட்டும் என்று தாங்கள் விதித்தால், பட்டியலில் இல்லாத மாடல்களில் பெரும்பாலானவை பட்டியலுக்குள் வந்துவிடும் என்று நான் துணிந்து சொல்வேன். இன்று ஒரு மாடல் வெளியே நிற்பது பெரும்பாலும் அது தோற்றதால் இல்லை. அதை யாரும் சோதிக்கவே இல்லை. சோதிப்பதில் யாருக்கும் இலாபமும் இல்லை. இரண்டாம் கைக்கு மாறிய கைபேசிக்காகத் தயாரிப்பாளரோ நெட்வொர்க் நிறுவனமோ ஏன் மெனக்கெட வேண்டும்?

அட்டையே இல்லாமல் கைபேசிக்குள் இறக்கிக்கொள்ளும் இ-சிம் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அச்சம்தான் கூடுகிறது. ஜிஎஸ்எம்ஏ 2016-இல் அதற்கான வரையறையை வெளியிட்டது. 2022-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐஃபோன் 14-இல் சிம் தட்டே இல்லை. பிளாஸ்டிக் அட்டை இருந்தவரை, யாரையும் கேட்காமல் பத்து வினாடியில் கழற்றி இன்னொரு கைபேசியில் போட்டுப் பார்த்துவிடலாம். இ-சிம்மில் ஒவ்வொரு மாற்றமும் நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் நடக்க வேண்டும், அங்கே கைபேசியின் மாடலைப் பார்த்துவிட்டு மறுப்பதும் எளிது. அமெரிக்க நீதித்துறை இந்த வரையறை வகுக்கப்பட்ட விதத்தை விசாரித்து, நெட்வொர்க் நிறுவனங்களின் கை ஓங்கியிருந்தது குறித்த தன் கவலையை 2019 நவம்பரில் எழுதிய கடிதத்தில் பதிவு செய்தது. என் கையில் இருந்த ஊசிக்கு இனி வேலை இருக்காது என்பதில் வருத்தமில்லை. அந்த ஊசி எனக்குத் தந்திருந்த சுதந்திரத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதைத்தான் கேட்கிறேன்.

ஆகவே தங்களிடம் வேண்டுவன இவை. பழைய நெட்வொர்க்கை மூட அனுமதி கேட்டு வரும் எந்த நிறுவனத்துக்கும், எஞ்சியிருக்கும் நெட்வொர்க்கில் குரல் சேவை எந்தெந்தக் கைபேசிகளுக்குக் கிடைக்கும் என்ற பட்டியலை, மூடுவதற்கு ஓராண்டு முன்பே பொதுவில் வெளியிட வேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள். ஐஎம்இஐ எண்ணை உள்ளிட்டால் விடை சொல்லும் ஒரு பக்கத்தை ஆணையமே நடத்தினால் இன்னும் நல்லது. *#06# என்று அழுத்தினால் அந்த எண் எவர் திரையிலும் வந்துவிடும். பூட்டிய கைபேசிக்குத் தாங்கள் விதித்த தடையின் வரையறையை விரித்து, சான்று பெற்ற கைபேசிக்குக் குரல் சேவையை மறுப்பதும் பூட்டே என்று சேருங்கள். இதுதான் என் கோரிக்கைகளில் தலையாயது. நெட்வொர்க் நிறுவனங்கள் தம் அமைப்பு விவரங்களைத் தயாரிப்பாளர் எவரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைக்க வேண்டும். அதில் வியாபார ரகசியம் என்று சொல்ல எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கைபேசிப் பெட்டியின் மேல் எந்தப் பட்டைகள், எந்தக் குரல் சேவை என்ற விவரம் வாங்குபவருக்குப் புரியும்படி அச்சிடப்பட வேண்டும். சிலி நாட்டில் கைபேசி எந்தத் தலைமுறை நெட்வொர்க்குகளுக்கு ஏற்றது என்று காட்டும் ஒட்டுச்சீட்டு ஏற்கனவே கட்டாயமாக இருக்கிறது, எனவே இது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று யாரும் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் எல்லாக் கைபேசிக்கும் ஒரே சார்ஜர் துளை என்று விதித்தபோது எழுந்த ஆட்சேபங்களும் இதே வகையைச் சேர்ந்தவைதாம். சார்ஜர் பொருந்தாவிட்டால் இன்னொன்றை இரவல் வாங்கலாம். குரல் பொருந்தாவிட்டால் என்ன செய்வது?

பெரியவர் வசிக்கும் இடத்தில் வீட்டுக்குள் சிக்னல் எட்டுவது அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும்தான் என்பதால், சிம்மை மாற்றும் வழியும் அவருக்கு இல்லை. இப்போது அந்த நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்ற மலிவான பொத்தான் கைபேசி ஒன்றில் அவர் பேசிக்கொண்டிருக்கிறார். அதில் வோல்ட்டி குறையில்லாமல் இயங்குகிறது. விலை உயர்ந்த அந்தக் கைபேசி வைஃபையில் செய்தி படிக்க மட்டும் மேசைமேல் இருக்கிறது. அதன் மாடல் எப்போது பட்டியலில் சேரும் என்று மூன்று முறை எழுத்தில் கேட்டும் அந்நிறுவனத்திடமிருந்து பதில் இல்லை. அந்தக் கேள்வியைத் தாங்கள் கேட்டால் பதில் வரும் என்று நம்பி இதை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
கைபேசிப் பயனர் ஒருவர்